துணியா, டயாபரா?

தூய்மையான நகரங்களின் மத்திய அரசுப் பட்டியலில் 2015, 2016 இரு ஆண்டுகளிலும் முதலிடம் மைசூருக்கு. ஆனால் அங்கும் கைக்குழந்தையின் டயாபர் தலைவலிதான். பிளாஸ்டிக்கும் ஈரம் உறிஞ்சும் ரசாயனத் துகளும் கலந்த அது எருவாகாது. வெறுமனே தொட்டியில் எறிந்தால், அந்த அசுத்தத்தைப் பிரித்தெடுப்பது துப்புரவுத் தொழிலாளியின் கை.

பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை, செலவும் இல்லை. ஆனால் துவைக்கத் தண்ணீரும் ஆளும் வேண்டும். அடைமழையில் துணி காயாது. வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வாள்?

பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயாபர் என்பது நடுவழி. டயாபரைச் சுற்றித் தர உறை கொடுப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்றன 2016-ன் திடக்கழிவு விதிகள். உறை வராவிட்டால், பழைய செய்தித்தாளில் சுற்றித் தனியே கொடுக்கலாம். குழந்தைக்குச் சௌகரியம், குப்பை அள்ளுபவருக்கும் கௌரவம்.