ஊமத்தை கற்பித்த பாடம்

ஈப்போவுக்கு அருகே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த ஓரிடத்தில் வாழும் முதியவர் ஒருவர், பேரனை அழைத்துச் செல்ல அண்மையில் பள்ளிக்கு வந்தார். மூன்று படிகள் ஏறுவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். இளமையில் பால்மரம் வெட்டியவர். பின்னர் ரப்பர்ச் சீட்டுகளைப் புகைபோடும் கூடத்தில் வேலை பார்த்தவர். நாற்பது ஆண்டுகள் சிகரெட் பிடித்தவர். "ஐயா, ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டிப் பிடித்தால் இரைப்பு நிற்கும் என்று எங்கப்பா சொல்வாரு. இந்தப் பம்பை நிறுத்திட்டு அதைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"கூடவே கூடாது" என்று உடனே சொன்னேன். ஆயினும் அவருடைய கேள்வி நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. அவர் சட்டைப் பையில் இருந்த மருந்தே ஊமத்தையின் வழிவந்ததுதான்! அவ்வரலாற்றை அறிந்தால், பழைய மருந்துகளை எப்போது நம்பலாம், எப்போது நம்பலாகாது என்பதும் விளங்கும்.

நோயின் இயல்பு

இந்நோய்க்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர். மருத்துவமனைகளில் சி.ஓ.பி.டி. என்பர். புகையும் தூசியும் பல்லாண்டு உட்புகுவதால் மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்குகின்றன, சளி மிகுகிறது, காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைகின்றன. உள்ளே சென்ற காற்று முழுதும் வெளியேற இயலாமல் தேங்கிவிடுகிறது. 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். சிதைந்த அறைகளை மீண்டும் கட்டித்தரும் மருந்து இன்றுவரை இல்லை. சுருங்கிய குழலை விரிப்பதும், நோய் திடீரென்று முற்றி மருத்துவமனையில் சேரும்படி நேராமல் காப்பதுமே மருந்துகளால் ஆவன.

சென்னையிலிருந்து சென்ற செய்தி

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக விளங்கியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். செடி கொடிகளில் பெருவிருப்பம் கொண்டவர். ஊமத்தை வகை ஒன்றை உலர்த்தி, அதன் புகையை இழுத்து இரைப்பைத் தணிக்கும் வழக்கத்தை அவர் தென்னாட்டில் அறிந்தார். அவரிடமிருந்து அதனைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவர், 1802-ஆம் ஆண்டையொட்டி அச்செய்தியைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கு மருத்துவர்கள் அதனைக் கையாளத் தொடங்கினர். பின்னர் ஊமத்தைச் சிகரெட்டுகள் 20-ஆம் நூற்றாண்டிலும் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன.

ஊமத்தை செய்வது யாது? மூச்சுக்குழலைச் சுற்றித் தசை வளையங்கள் உள்ளன. நரம்பின் நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் அவற்றைச் சுருங்கச் செய்கிறது. ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின் முதலிய பொருள்கள், அது சென்று அமரவேண்டிய இடத்தை முன்னதாகவே பிடித்துக்கொள்கின்றன. ஆகவே தசை தளர்கிறது, குழல் விரிகிறது.

ஆனால் அட்ரோப்பின் நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து மூளைக்கும் செல்கிறது. வாய் வறளும், பார்வை மங்கும், நெஞ்சு படபடக்கும், பிதற்றலும் மயக்கமும் உண்டாகும், உயிரும் போகலாம். ஓர் இலையில் நஞ்சு எவ்வளவு என்பதைப் பிடிப்பவர் அறிய வழியில்லை. எனவே வேதியலார் அட்ரோப்பினின் அமைப்பைச் சிறிது மாற்றி, மின்னேற்றம் கொண்ட ஒரு பொருளாக்கினர். அவ்வாறு ஆக்கியது எளிதில் இரத்தத்துள் ஊடுருவாது, மூளைக்கும் ஏறாது. 1970-களில் இப்ராட்ரோப்பியமும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் டியோட்ரோப்பியமும் இவ்வழியே நோயாளிகளின் கைக்கு வந்தன. பின்னதை ஏறத்தாழ 6,000 நோயாளிகளிடம் நான்கு ஆண்டுகள் சோதித்து 2008-இல் முடிவு வெளியிட்டனர். மூச்சு எளிதாயிற்று, நோய் முற்றுவது குறைந்தது. எனினும் நுரையீரலின் தேய்வு வேகம் தணியவில்லை என்பதையும் அவ்வாய்வினர் மறையாது கூறினர்.

பழைய மருந்து, புதிய பணி

வேறு நோய்க்கென்று வந்த மருந்துகளை இந்நோய்க்கும் பயன்படுத்தலாமா என்று இன்று பலர் ஆராய்கின்றனர். முன்பே பழகிய மருந்தாதலின் காலமும் பொருளும் மிச்சமாகும் என்பது எண்ணம். முடிவுகளோ பலவகைப்பட்டன.

கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் வீக்கத்தையும் தணிக்கும் என்று நம்பினர். 2014-இல் வெளிவந்த ஆய்வில் 885 பேரிடம் எப்பயனும் காணவில்லை. இருதய மருந்தாகிய மெட்டோப்ரோலாலைச் சோதித்தபோது, அதை உண்டவர்களே நோய் முற்றி மருத்துவமனையில் மிகுதியாகச் சேர்ந்தனர். அவ்வாய்வை இடையிலேயே நிறுத்தி, 2019-இல் முடிவை வெளியிட்டனர். தேயிலையிலிருந்து 1888-இல் பிரித்தெடுக்கப்பட்ட தியோஃபிலினைச் சிற்றளவில் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வும் 2018-இல் பயனில்லை என்றே முடிந்தது.

வென்றவையும் உண்டு. அசித்ரோமைசின் என்னும் கிருமிக்கொல்லியை நாள்தோறும் ஓராண்டு உண்டவர்களுக்கு நோய்முற்றல் ஆண்டுக்குச் சராசரி 1.48 முறையும், அதை உண்ணாதவர்களுக்கு 1.83 முறையும் நேர்ந்தது என்று 2011-இல் கண்டனர். ஆனால் சிலருக்குக் காது மந்தமாயிற்று. தோல் அரிப்பு நோய்க்கென 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டுபிலுமாப் என்னும் ஊசி மருந்து, குருதியில் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்த நோயாளிகளுக்கு நோய்முற்றலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 2024-இல் இந்நோய்க்கும் ஒப்புதல் பெற்றது. அது எல்லார்க்கும் உரியதன்று. குருதிச் சோதனை செய்தே கொடுக்க வேண்டும். அதே ஆண்டில் என்சிஃபென்ட்ரின் என்னும் புதிய உறிஞ்சு மருந்தும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இவற்றுள் எது வெல்லும், எது தோற்கும் என்பதைச் சோதனைக்கு முன்னர் அறிஞர்களாலும் சொல்ல முடியவில்லை. பழையது என்பதால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. புதியது என்பதால் பயனுடையதும் ஆகிவிடாது. அளந்து கொடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, முடிவை மறையாமல் சொல்வதே வழி.

நாம் செய்யத்தக்கது

சிகரெட்டை விடுதல் எம்மருந்தினும் முந்தியது. நுரையீரலின் தேய்வைத் தணிக்க வல்லது அதுவே. சமையற்கட்டில் விறகுப் புகை தேங்காமல் பார்த்துக்கொள்ளல் வேண்டும். நாட்பட்ட இருமலும் இரைப்பும் உடையவர்கள், "வயசானால் அப்படித்தான்" என்று இராமல், குழாயில் ஊதி அளக்கும் மூச்சுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். மருத்துவர் சொல்லும் தடுப்பூசியும் மூச்சுப் பயிற்சியும் பயன் தருவன. இன்ஹேலரைச் சரியாக இழுக்கும் முறையையும் கேட்டறிய வேண்டும்.

அன்று அம்முதியவரை மருந்தை இழுத்துக் காட்டச் சொன்னேன். பாதி மருந்து வெளியே போயிற்று. மறுமுறை கிளினிக்குக்குப் போகையில் முதல் வேலையாக அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி சொல்லி அனுப்பினேன். ஊமத்தையின் நன்மையை நஞ்சினின்றும் பிரித்தெடுக்க அறிஞர்களுக்கு 170 ஆண்டுகள் பிடித்தன. அந்நன்மை அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அது நுரையீரலைச் சென்று சேர்வதே இனி வேண்டுவது.