'ரொம்ப'வுக்கு ஜெர்மனில் இரண்டு சொல்

துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு "பெரிசா இருக்கே" என்று சொன்னால், கடைக்காரர் அடுத்த சின்ன அளவைத் தேடி எடுப்பார். பொருந்தாத அளவுக்குப் பெரிது என்பதை நாம் சொல்லவே வேண்டாம். 'பெரிசு' என்ற ஒரு சொல்லிலேயே அது அடங்கிவிடுகிறது. ஜெர்மன் கடையில் நின்று 'டாஸ் ஹெம்ட் இஸ்ட் க்ரோஸ்' என்றால், சட்டை பெரியது என்ற தகவல் மட்டும்தான் போய்ச் சேரும். 'ஸேர் க்ரோஸ்' என்றால் மிகப் பெரியது. தொளதொள சட்டையை விரும்பி வாங்குகிறவரும் இப்படித்தான் சொல்வார். 'ட்ஸூ க்ரோஸ்' என்று சொன்னால்தான் இந்த அளவு எனக்கு ஆகாது என்ற பொருள் வரும்.

செவிலியர் வேலைக்கும் மேல்படிப்புக்கும் ஜெர்மனிக்குப் போக விரும்பி அந்த மொழியைப் படிக்கும் தமிழர்கள் இன்று நிறைய. ஸேர், ட்ஸூ இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளக் காரணம் நம்முடைய 'ரொம்ப'தான். "குழம்பு ரொம்பக் காரம்" என்பது பாராட்டாகவும் இருக்கலாம், குறையாகவும் இருக்கலாம். சொல்கிறவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஜெர்மனில் அந்த வேலையைச் சொல்லே செய்துவிடுகிறது. 'ஸேர் ஷார்ஃப்' என்றால் நல்ல காரம். 'ட்ஸூ ஷார்ஃப்' என்றால் வாயில் வைக்க முடியாத காரம். விருந்துக்கு அழைத்தவரிடம் இதை மாற்றிச் சொன்னால் அவர் மனம் நோகும்.

ஆங்கிலத்திலும் வெரி, டூ என்று இதே பிரிவு இருக்கிறது. நாம் அதைக் கண்டுகொள்ளாமல் 'படம் டூ குட்' என்று பாராட்டிப் பழகிவிட்டோம். நமக்குள் அது செல்லும். அந்தப் பழக்கத்தோடு ஜெர்மனுக்குப் போவதுதான் சிக்கல். ஆனால் எல்லை மீறுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்ற தேவை நம் பேச்சுக்கும் இருக்கிறது. 'ஓவரா பேசாதே', 'இது டூ மச்' என்று சொல்லும்போது நாம் ட்ஸூவின் பொருளை மிகச் சரியாகவே பிடித்துவிடுகிறோம். எந்த இடத்தில் ஸேர், எந்த இடத்தில் ட்ஸூ என்று தடுமாறுகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: அங்கே 'ஓவர்' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ட்ஸூ, பொருந்தாவிட்டால் ஸேர். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று நாம் சொல்வதை ஜெர்மானியர்கள் 'அல்ட்ஸூ ஃபீல் இஸ்ட் உன்கெஸுன்ட்' என்பார்கள். மிதமிஞ்சியது உடம்புக்கு ஆகாது என்று பொருள். அந்த அல்ட்ஸூவுக்குள்ளும் ட்ஸூ இருக்கிறது.

பள்ளியில் 'டூ... டூ' வாக்கியத்தை 'ஸோ... தட்' ஆக மாற்றி எழுதிய பயிற்சி பலருக்கும் நினைவிருக்கும். 'நடக்க முடியாத அளவுக்குப் பலவீனமாக இருக்கிறான்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வரும் டூவுக்கு இரண்டு 'ஓ', பின்னால் வரும் டூவுக்கு ஒன்று. ஜெர்மனில் இரண்டுமே ட்ஸூ, எழுத்தும் ஒன்றே: 'ட்ஸூ ஷ்வாஹ், உம் ட்ஸூ கேயென்'. நடுவில் ஓர் 'உம்' மட்டும் கூடுதல். இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. ஆங்கில டூவும் ஜெர்மன் ட்ஸூவும் ஒரே வேரில் பிறந்தவை. ஆங்கிலத்திலும் இரண்டு டூவும் ஒரு காலத்தில் ஒரே சொல்தான். அழுத்தி உச்சரிக்கப்பட்டது இரட்டை 'ஓ' பெற்றுத் தனியாகப் பிரிந்தது 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான்.

இரண்டு மொழிகளும் பிரியும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஆங்கில டூவுக்கு 'அதுவும்கூட' என்ற பொருளும் உண்டு. 'மீ டூ' என்றால் நானும்தான். ஜெர்மனில் தனித்து நிற்கும் ட்ஸூ இந்த வேலையைச் செய்யாது. அதற்கு 'ஆவ்ஹ்' என்ற சொல் வேண்டும்: 'இஹ் ஆவ்ஹ்', நானும். இந்த ஆவ்ஹுக்கு உறவான சொல் ஒன்று பழைய ஆங்கிலத்திலும் இருந்து வழக்கொழிந்தது. பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' என்ற சொல்லின் தொடக்கத்தில் மட்டும் அது உருமாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈக்-நேம், அதாவது கூடுதல் பெயர் என்பதுதான் அதன் மூலம்.

தமிழர்களுக்கு ஆவ்ஹ் எளிது. நம்முடைய 'உம்' விகுதியைப் போலவே அது உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் மாறாமல் நிற்கும். "எனக்கும் வேண்டும்", "எனக்கும் வேண்டாம்" என்று நாம் இரண்டுக்கும் ஒரே 'உம்' போடுகிறோம். ஜெர்மனிலும் 'இஹ் ஆவ்ஹ்', 'இஹ் ஆவ்ஹ் நிஹ்ட்' என்று அப்படியே வரும். ஆங்கிலம்தான் எதிர்மறையில் டூவைக் கைவிட்டு ஈதர், நீதர் என்று வேறு சொற்களுக்குத் தாவுகிறது.

'இன்னொன்று' என்று கேட்கும்போதும் ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் இருப்பது நல்லது. 'அனதர் காபி' என்றால் இன்னும் ஒரு கோப்பையாகவும் இருக்கலாம், இது பிடிக்கவில்லை என்று கேட்கும் வேறு காபியாகவும் இருக்கலாம். ஜெர்மன் இரண்டையும் கண்டிப்பாகப் பிரிக்கும். 'நோஹ் ஐனென் காஃபே' என்றால் இன்னும் ஒன்று. 'ஐனென் ஆன்டெரென் காஃபே' என்றால் வேறு ஒன்று. தமிழில் 'இன்னும்', 'வேற' என்று தனித்தனிச் சொற்கள் கையில் இருப்பதால் நேராகத் தமிழிலிருந்தே போய்விடலாம்.

மிகுதியைக் காட்டும் முன்னொட்டுகளில் ஆங்கில 'ஓவர்' போல ஜெர்மனில் 'யூபர்' இருக்கிறது. வாடகைக் கார் நிறுவனத்தின் பெயரில் நாம் தினமும் கேட்கும் ஊபர்தான் அது. விமான நிலையத்தில் எடை மீறிய பெட்டி 'யூபர்கெபெக்'. வேலை நேரம் தாண்டி உழைத்தால் 'யூபர்ஷ்டுன்டென்'. ஆனால் எல்லா ஓவருக்கும் யூபர் போட்டுவிட முடியாது. சூப்பில் உப்பு கூடிப்போனால் 'ஃபெர்ஸால்ட்ஸென்', நேரம் தெரியாமல் தூங்கிவிட்டால் 'ஃபெர்ஷ்லாஃபென்'. இவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ட்ஸூ சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்ளும்போது பல இடங்களில் கூட்டலைக் குறிக்கும் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். கச்சேரி முடிந்ததும் ரசிகர்கள் 'ட்ஸூகாபெ' என்று கத்தினால், இன்னும் ஒன்று வாசியுங்கள் என்று கேட்கிறார்கள். சமையல் குறிப்பில் 'ட்ஸூடாடென்' என்றால் தேவையான பொருட்கள். இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்குக் கிடைக்கும் கூடுதல் தொகை 'நாஹ்ட்-ட்ஸூஷ்லாக்'. சம்பளச் சீட்டில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இறைச்சிக் கடையிலோ பாலாடைக்கட்டி விற்கும் இடத்திலோ 200 கிராம் கேட்டால், தராசு சில நேரம் 215 காட்டும். விற்பவர் நிமிர்ந்து பார்த்து 'டார்ஃப்ஸ் ஐன் பிஸ்ஹென் மேர் ஸைன்?' என்பார். கொஞ்சம் கூட இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்கிறார். அந்த 15 கிராமுக்கும் காசு உண்டு. சம்மதமானால் 'யா, கேர்னெ'. குறைக்க வேண்டுமானால் 'டாஸ் இஸ்ட் ட்ஸூ ஃபீல்' என்று தயங்காமல் சொல்லலாம். அவர் ஒரு துண்டை எடுத்துவிட்டு மறுபடி எடை போடுவார்.