கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்கிறது!

அடை கிடக்கக் கோழி இல்லை. வைக்கோல் போட்ட கூடையும் இல்லை. ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் ஒரு மின்சார பல்பு, ஒரு சிறு விசிறி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். இவ்வளவுதான். 21-வது நாள் பெட்டியைத் திறந்தால் கீச், கீச் என்று குஞ்சுகள்!

இது மந்திரமும் அல்ல, மாயமும் அல்ல. மின் கருவிகளைப் பூட்டிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், வீட்டிலேயே செய்து பார்க்கும் வேலைதான் இது.

பெட்டிக்குள் தாய்க்கோழியின் காவல் வேலையைப் பார்ப்பது யார்? கட்டைவிரல் நகத்தளவே உள்ள ஒரு நீல நிறக் கருவி! அதன் பெயர் டி.எச்.டி. 11. காற்றில் எவ்வளவு உஷ்ணம், எவ்வளவு ஈரம் என்று இரண்டையும் அது சொல்லிவிடும். விலையோ, ஓட்டலில் ஒருவர் ஒரு வேளை சாப்பிடும் செலவுதான்.

தலைமயிரில் தொடங்கியது

காற்றின் ஈரத்தை அளப்பது புது வித்தை அல்ல. ஜெனீவா விஞ்ஞானி சொசூர், தம் ஆராய்ச்சியை 1783-ல் புத்தகமாகவே வெளியிட்டார். அவர் கையாண்ட பொருள் என்ன தெரியுமா? மனிதனின் தலைமயிர்! எண்ணெய்ப் பசை போகச் சுத்தம் செய்த மயிர், ஈரக் காற்றில் சற்று நீளும். வறண்ட காற்றில் சுருங்கும். அந்த அசைவைக் கொண்டு ஒரு முள்ளை நகரச் செய்து, ஈரத்தை அளந்தார் அவர்.

மயிர் செய்த வேலையை இன்று, ஈரத்தை உறிஞ்சும் ஒரு மெல்லிய படலம் செய்கிறது. ஈரம் ஏறினால் படலத்தின் மின் குணம் மாறும். உஷ்ணத்தைக் கவனிக்க 'தெர்மிஸ்டர்' என்று இன்னொரு துணுக்கு இருக்கிறது. இரண்டும் உணர்வதை எண்ணாக மாற்ற, உள்ளேயே ஒரு சில்லும் உண்டு.

நாற்பது துடிப்புகள்

அந்த எண்களைக் கேட்டு வாங்குவது 'ஆர்டுயினோ' என்ற சிறு மின் பலகை. 2005-ல் இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில், மாணவர்களுக்காக உருவானது அது.

பலகைக்கும் கருவிக்கும் இடையே செய்தி போக ஒரே ஒரு கம்பிதான். அதன் மின் அழுத்தத்தைப் பலகை ஒரு கணம் இறக்கிப் பிடிக்கும். "சொல்" என்பது அதற்கு அர்த்தம். உடனே கருவி 40 துடிப்புகளை அனுப்பும். நீண்ட துடிப்பு 1. குறுகிய துடிப்பு 0. முதல் 16 துடிப்புகள் ஈரத்தைச் சொல்லும். அடுத்த 16 உஷ்ணத்தைச் சொல்லும். கடைசி எட்டு எதற்கு?

மளிகைக் கடைக்காரர் சிட்டையின் அடியில் கூட்டல் போடுகிறார் அல்லவா? அதுபோல, முன்னால் வந்த எண்களின் கூட்டல்தான் அது. கூட்டல் ஒத்துப் போகாவிட்டால், வந்த செய்தி செல்லாது என்று ஒதுக்கிவிடலாம்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்! கூட்டல் சரியாக இருந்தால், செய்தி வழியில் கெடவில்லை என்றுதான் பொருள். அளந்ததே தவறாக இருந்தால்? தவறான எண்ணையும் சரியாகக் கூட்டலாமே!

இரண்டு டிகிரி ஆபத்து

விசிறி சுழலும் பெட்டியில் கோழி முட்டைக்கு 37.5 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். டி.எச்.டி. 11, இரண்டு டிகிரி வரை கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடும். இது அக்கருவியின் விவரத்தாளிலேயே உள்ள சேதி.

அது 37.5 என்று காட்டும்போது, உள்ளே 39.5 இருந்தால்? நாள் கணக்கில் அந்தச் சூட்டில் கிடக்கும் கரு பிழைப்பது அரிது. திரையில் எண் அழகாக நிற்கும். ஓட்டுக்குள் உயிர் போய்விடும்!

ஆகவே, விஷயம் தெரிந்தவர்கள் வெள்ளை நிற டி.எச்.டி. 22-ஐ வாங்குகிறார்கள். விலை அதிகம், ஆனால், விவரத்தாளின்படி உஷ்ணத்தில் பிழை அரை டிகிரிதான். அதையும் சோதிக்காமல் அவர்கள் நம்புவதில்லை.

உப்பு சொல்லும் சாட்சி

உஷ்ணத்தைச் சோதிக்க, ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரே போதும். முட்டை வைக்கும் முன்பு, பெட்டியை ஒரு நாள் வெறுமனே ஓட விடுகிறார்கள். முட்டை இருக்க வேண்டிய உயரத்தில், பல்பின் நேர்ச் சூடு படாத இடத்தில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கிறார்கள்.

ஈரத்துக்குச் சாட்சி, சமையல் உப்பு! ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டு, சில துளி நீர் விட வேண்டும். உப்பு முழுவதும் கரையக் கூடாது. சேறு போல இருக்க வேண்டும். மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் தனித்தனியாக வைத்து, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். டப்பாவின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அறையின் உஷ்ணம் சற்று ஏறி இறங்கினாலும் இந்த எண் மாறாது. கருவி 70 என்று காட்டினால், அது 5 குறைத்துச் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

ஐந்து சதவீதம் அற்ப விஷயம் அல்ல. முதல் 18 நாள், பெட்டியில் 50 முதல் 55 சதவீதம் ஈரம் போதும். கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம் வேண்டும். அப்போது ஈரம் குறைந்தால், ஓட்டின் உட்சவ்வு காய்ந்துபோகும். ஓட்டைக் கொத்தி விரிசல் விட்ட குஞ்சு, வெளியே வர முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

தாய்க்கோழிக்கு உப்பும் வேண்டாம், தெர்மாமீட்டரும் வேண்டாம். அதன் வயிற்றுச் சூட்டில் எல்லாம் அடக்கம். கருவியை நம்பி முட்டை வைக்கிறவர் அப்படி இருக்க முடியாது. ஒரு சிட்டிகை உப்புக்குச் சோம்பல் பட்டால், இருபத்தொரு நாள் காத்திருந்ததும் வீண்!