சிறுபடம் பெரிதாகும்போது

அந்தியேட்டி நினைவு மலரின் முகப்புக்கு மறைந்தவரின் படம் வேண்டும் என்றதும் வீடு முழுவதும் தேடல் தொடங்கும். 1983 ஆடிக் கலவரத்தில் ஆல்பங்கள் எரிந்துபோன குடும்பங்கள் சிலவற்றில் எஞ்சியிருப்பது பழைய கடவுச்சீட்டில் ஒட்டிய சிறுபடம் மட்டுமே. அதைக் கைத்தொலைபேசியில் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, முழுப்பக்கத்துக்குப் பெரிதாக்கச் சொல்கிறார்கள். முகம் மங்கிவிடுகிறது. பழி அச்சகத்தார் மேல் விழுகிறது.

கணினிப் படம் என்பது சின்னஞ்சிறு புள்ளிகளின் அடுக்கு. தெளிவான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 45 மில்லிமீற்றர் உயரமுள்ள படத்தை ஸ்கானரில் 300 என்ற அளவில் எடுத்தால், மேலிருந்து கீழாக ஏறக்குறைய 530 புள்ளிகளே கிடைக்கும். 1200 என்ற அளவில் எடுத்தால் 2100க்கு மேல் கிடைக்கும். ஏழு அங்குல உயரத்துக்கு அது போதும். ஆகவே, பெரிதாக்கும் வேலை ஸ்கானரிலேயே முடிந்துவிட வேண்டும்.

பிறகு பெரிதாக்கினால், மென்பொருள் இடைப்புள்ளிகளை ஊகித்து நிரப்பும், அவ்வளவே. சி.ரி. ஸ்கான் படத்தின் ஒரு வெட்டு பொதுவாக 512க்கு 512 புள்ளிகள் கொண்டது. அதைத் திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும், படத்தில் பதியாத கட்டி தெரியவராது என்பதை வைத்தியர்கள் அறிவார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு மங்கிய முகத்தையும் பளிச்சென்று ஆக்கித் தருகிறது. பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்தக் கண்ணும் பல்லும், எத்தனையோ பிறர் முகங்களைப் பார்த்துப் பழகிய யந்திரம் வரைந்தவை. அப்புவின் கன்னத்து மச்சத்தைக் கறையென்று அழித்துவிடவும் கூடும். பேரப்பிள்ளைகள் மாலை போட்டு வணங்குவது அப்புவையா, வேறு யாரையுமா?

சிறிதாக்குவதில் இத்தனை ஆபத்தில்லை. மூலப்படத்திலிருந்து ஒரே தடவையில், பைக்கியூபிக் அல்லது லான்சோஸ் முறையில் செய்தால் நன்று. அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் குறையவேண்டும். இல்லையேல் மெலிந்த மாமி பருத்துவிடுவார்! 1992 இல் வெளிவந்த ஜேபெக் தரத்தின்படி சேமிக்கும் படம், திருத்தித் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் சிறிது தேயும். மூலப்படத்தை டிஃப் வடிவில் தனியே வைத்துக்கொண்டு, பிரதியிலேயே கைவைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்லாமல் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் புள்ளிகள் குறையாது.

கடவுச்சீட்டிலிருந்து படத்தைப் பெயர்த்தெடுக்க முயலவேண்டாம். பக்கத்தை அப்படியே ஸ்கானரில் கவிழ்த்து வைத்தால் போதும். கண்ணாடியை முதலில் துடைத்துக்கொள்ள வேண்டும்.