மைதானத்துப் பாட்டு – 6: செட்டிபாளையத்துச் சாமியும் நாலு லட்சம் பேரும்

சென்ற வாரம் 1967-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் மான்டெரே இசை விழாவோடு நிறுத்தியிருந்தோம். அங்கே ரவிசங்கரின் சிதாரை உட்கார்ந்து கேட்டவர்கள் சில ஆயிரம் பேர். இரண்டே வருடத்தில், அமெரிக்காவின் எதிர்க்கரையில், அந்தச் சில ஆயிரம் நாலு லட்சமாகப் பெருகியது. அதுதான் உட்ஸ்டாக்.

விழாவை நடத்த இறங்கியவர்கள் மைக்கேல் லாங், ஆர்ட்டி கார்ன்ஃபெல்ட், ஜான் ராபர்ட்ஸ், ஜோயல் ரோசன்மன் என நாலு இளைஞர்கள். ஒருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. நியூயார்க் மாநிலத்து வால்கில் என்ற ஊரில் இடம் பார்த்து வேலையும் தொடங்கியிருந்தார்கள். 1969 ஜூலை நடுவில் அந்த ஊர் கையை விரித்துவிட்டது. விழாவுக்கு ஒரே மாதம்தான் பாக்கி. அப்போது பெத்தல் என்ற சிற்றூரில் மாக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரர் தன் புல்வெளியைக் கொடுத்தார். மேடை கட்டவே நேரம் போதவில்லை. வேலி அரைகுறையாக நின்றது. மூன்று நாளுக்கு 18 டாலர் என்று முன்கூட்டியே விற்ற டிக்கெட்டுகள் மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். டிக்கெட் இல்லாதவர்களும் வேலியைத் தாண்டி வந்து சேரவே, விழா இலவசம் என்று அறிவிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. சாலையெல்லாம் கார்கள் அசையாமல் நின்றன. பாடகர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு மேல் ரிச்சி ஹேவன்ஸ் கிடாரோடு மேடையேறினார். முதலில் பாட வேண்டியவர்கள் வழியில் மாட்டிக்கொண்டதால் அவரையே திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள். அவருக்கு அடுத்து வந்தவர் பாடகர் அல்ல. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914-இல் ராமசாமியாகப் பிறந்து, ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் 1949-இல் சந்நியாசம் பெற்று, பல வருடங்கள் இலங்கையில் தொண்டாற்றிய சுவாமி சச்சிதானந்தர்! ஓவியர் பீட்டர் மாக்ஸ் அழைத்து 1966-இல் நியூயார்க் போனவர் அங்கேயே யோகம் கற்பிக்கத் தங்கிவிட்டார்.

அந்தக் கணத்தின் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. சாமியின் முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. வெள்ளைத் துணி விரித்த உயரமான இருக்கையில் அவர் அமர்ந்திருக்கிறார். எதிரே மேட்டுச் சரிவு முடியும்வரை தலைகள். உலகத்துக்குப் பொருள் கொடுத்து உதவிய அமெரிக்கா இனி ஆன்மிகத்தாலும் உதவும் காலம் வந்திருக்கிறது என்றார். ஒலியின் ஆற்றலைப் பற்றிச் சொன்னார். இந்த விழா எப்படி முடியும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது என்றார். பிறகு நாமஜபம் செய்ய, கூட்டமும் கூடவே சொன்னது. வியட்நாம் போருக்கு ஆள் எடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். கொதித்துக் கிடந்த பிள்ளைகளிடம் ஒரு பெரியவர் அதட்டாமல் பொறுப்பை ஒப்படைத்தார். கொங்கு மண்ணில் பிறந்தவர் என்பதற்காக மட்டும் அல்ல, இந்தப் பக்குவத்துக்காகவே அவரை நாம் கொண்டாட வேண்டும்.

அன்று இரவு அல்லா ரக்காவின் தபலாவோடு ரவிசங்கர் மழையில் வாசித்தார். அவருக்கு அந்த விழா பிடிக்கவில்லை. சேற்றில் புரண்ட கூட்டம் எருமைகளை நினைவூட்டியது என்று பின்னாளில் வருத்தப்பட்டார். அவர் வருத்தத்திலும் நியாயம் உண்டு. போதைப் பழக்கம் தாராளமாக இருந்தது. அதனால் உயிர்ச்சேதமும் நடந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் மேல் டிராக்டர் ஏறியது.

ஆனாலும் கலவரம் வரவில்லை. இதற்குச் சாமியின் சொல்லோடு சோற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைகளில் பண்டம் தீர்ந்ததும், 'ஹாக் ஃபார்ம்' என்ற குழுவினர் கோதுமை ரவையையும் காய்கறியையும் அண்டாவில் வேகவைத்து இலவசமாகக் கொடுத்தார்கள். சுற்றுவட்டாரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாண்ட்விச் செய்து அனுப்பினார்கள். கர்நாடக எல்லைக் கிராமமான கோபிநத்தத்துக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்குக் காட்டுவழியே நடந்து போகும் சனத்துக்கு, அங்கே போனால் தாசோகம் என்ற அன்னதானச் சோறு உண்டு என்ற தைரியம் இருக்கிறது. பசியாறிய கூட்டம் கல்லை எடுக்காது.

சொல்லும் சோறும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாலே மாதத்தில் சாட்சி கிடைத்தது. டிசம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியும் அவசரத்தில் இடம் மாற்றியதுதான். மேடை இடுப்பு உயரம். அதைச் சுற்றி நிறுத்தியது 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற மோட்டார் சைக்கிள் கும்பலை. பேச வேண்டிய இடத்தில் தடி பேசியது. மேடைக்கு எதிரிலேயே மெரிடித் ஹன்டர் என்ற 18 வயது இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார்.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் மெட்டாலிகா என்ற ராக் குழு பாடுவதாக இருந்தது. மேடைக்கு முன் இருந்த தடுப்பு தாங்கவில்லை. மணிக்கணக்காகக் காத்திருந்த ரசிகர்கள் நிகழ்ச்சி இல்லை என்று தெரிந்ததும் மேடையேறி உபகரணங்களை உடைத்தார்கள். ஒரு நாள் விட்டு, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அதே குழு பாடியது; ரசிகர்கள் ஆசை தீரக் கேட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். ராக் இசை கேட்கிறவன் முரடன் என்று இன்னும் சொல்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். கூட்டத்தை அழைத்தவர், வந்தவருக்குக் குடிநீரும் சோறும் வழியும், நாலு உண்மையான வார்த்தையும் கொடுக்கக் கடன்பட்டவர். அந்தக் கடனைத் தீர்த்த இடங்களில் பாட்டு நிலைத்தது.

அரண்மனை மைதானம் இந்தியாவின் ராக் மைதானமாக எப்படி மாறியது? 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸும் 2007-இல் அயர்ன் மெய்டனும் அங்கே வந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)