மண்டை ஓட்டுக்கு முகம் கொடுத்தார்கள்!

ஏரலில் இருந்து தாமிரபரணிக் கரையோடு மேற்கே போனால் ஸ்ரீவைகுண்டம் வரும். அதையும் தாண்டினால் ஆதிச்சநல்லூர். அங்கே மண்ணுக்குள் தாழிகள், தாழிக்குள் எலும்புகள். 1876-ல் ஜெர்மனிக்காரரான ஜாகர் தோண்டிப் பார்த்தார். கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டு போனார்.

அந்த எலும்புகளைப் பார்க்கும் யாருக்கும் ஒரு கேள்வி எழும். இவர்களுடைய முகம் எப்படி இருந்திருக்கும்?

2025-ல் ஒரு விடை வந்தது. ஆதிச்சநல்லூருக்கு அல்ல, கீழடிக்கு! கீழடியை அடுத்த கொந்தகையும் பழைய இடுகாடுதான். அங்கே கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டை ஓடுகளுக்கு முகம் அமைத்தார்கள். வயது சுமார் 2,500 ஆண்டுகள் என்று கணக்கு. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை இது.

கையில் தட்டும் எலும்பு

இப்படி முகம் அமைக்க, முதலில் மண்டை ஓட்டை ஸ்கேன் எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் எடுக்கும் அதே ஸ்கேன்தான். அந்த உருவம் கம்ப்யூட்டருக்குள் போகும். அசல் ஓடு பத்திரமாகப் பெட்டியில் இருக்கும்.

உருவத்தை உள்ளே கொண்டு வரும்போதுதான் ஆபத்து. மில்லிமீட்டரைச் சென்டிமீட்டர் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டால் தலை பத்து மடங்கு நீண்டு பெருத்துவிடும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்துவிடும். லேசாக நசுங்கினால்? யாருக்கும் தெரியாது. முகம் வேறு ஒருவருடையது ஆகிவிடும்! ஆகவே அளவைச் சரிபார்த்த பிறகே அடுத்த வேலை.

சிற்பி பேனா போன்ற ஒரு கருவியைப் பிடிக்கிறார். திரையில் பேனா எலும்பைத் தொட்டால் கையிலும் தட்டும். கம்ப்யூட்டர் களிமண்ணில் பட்டால் இளகிக் கொடுக்கும். கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, உருவத்தைச் சுற்றி நடந்தபடியே செதுக்கும் வசதியும் இன்று உண்டு.

எலும்பின் மீது கை வைக்கக்கூடாது. அதன் மேல் மெல்லும் தசை, கண்ணைச் சுற்றிய தசை, வாயைச் சுற்றிய தசை என ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்கள். சதை எவ்வளவு கனம் என்பதற்கு, இன்று வாழும் மக்களிடம் எடுத்த அளவுகள் உதவுகின்றன.

நிறம் என்ன?

கண் இருந்த இடம், மூக்கின் அகலம் இவற்றையெல்லாம் எலும்பு சொல்லும். முடியையும் தோல் நிறத்தையும் சொல்லாது. வேடிக்கை பாருங்கள்! படத்தைப் பார்த்ததும் ஜனங்கள் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றித்தான்.

கொந்தகை எலும்பிலிருந்து மரபணுவைப் பிரிக்கும் முயற்சியிலும் மதுரைப் பல்கலைக்கழகம் இறங்கியது. அது நல்லபடியாகக் கிடைத்தால், நிறத்துக்கும் ஒரு துப்புக் கிடைக்கும்.