வியன்னாவின் பிராட்டர் பூங்கா: 'அனைவருக்கும்' என்ற சொல்லுக்குப் பின்னால்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் இரண்டாவது வட்டாரம் லியோபோல்ட்ஸ்டாட். உலகின் பழமையான கேளிக்கைப் பூங்காக்களில் ஒன்றான பிராட்டர் இங்குதான் அமைந்துள்ளது. பொது இடம் என்பது உண்மையில் யாருக்குரியது என்ற கேள்வியை இவ்விரண்டின் வரலாறும் எழுப்புகிறது.

பல தலைமுறைகளாக ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்த பிராட்டரை, 1766ஆம் ஆண்டு பேரரசர் இரண்டாம் ஜோசப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். காபிக் கடைகளும் உணவகங்களும் வந்தன. நாளடைவில் ராட்டினங்களும் பொம்மலாட்டமும் சேர்ந்துகொண்டன.

ஆனால் 'பொதுமக்கள்' என்ற சொல் அனைவரையும் உள்ளடக்கவில்லை. 1670இல் பேரரசர் முதலாம் லியோபோல்ட், இப்பகுதியில் வாழ்ந்த யூதர்களை வெளியேற்றியிருந்தார். வட்டாரத்தின் இன்றைய பெயரே அவரை ஒட்டி வந்ததுதான். யூதர்கள் பொதுக் கேளிக்கை இடங்களுக்குச் செல்லக் கூடாது என்ற தடை, ஜோசப் 1782இல் பிறப்பித்த சகிப்புத்தன்மை ஆணையால்தான் நீங்கியது.

பின்னர் நிலைமை மாறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேரரசின் கிழக்குப் பகுதிகளிலிருந்து ஏராளமான யூதர்கள் இங்கு குடியேறினர். 1920களில் வட்டார மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் யூதர்கள்.

1938 மார்ச்சில் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் யூதர்கள் இதே பிராட்டருக்கு இழுத்து வரப்பட்டு, புல்லைத் தின்னும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். அவ்வாண்டே நகரின் பூங்காக்கள் அவர்களுக்கு மூடப்பட்டன. ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் நாஜிகளால் கொல்லப்பட்டனர்.

பூங்காவின் அடையாளமான ராட்சத ராட்டினமும் இதற்குத் தப்பவில்லை. 1897இல் நிறுவப்பட்ட, சுமார் 65 மீட்டர் உயரமுள்ள இந்த ராட்டினம் எடுவார்ட் ஸ்டெய்னர் என்ற யூத வணிகருக்குச் சொந்தமாக இருந்தது. அது அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1944இல் அவர் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ராட்டினமும் தீக்கிரையானது. போருக்குப் பின் சீரமைக்கப்பட்டபோது, முன்பிருந்த 30 பெட்டிகளில் 15 மட்டுமே மீண்டும் பொருத்தப்பட்டன.

இன்று லியோபோல்ட்ஸ்டாட்டில் யூதப் பள்ளிகளும் கடைகளும் மீண்டும் இயங்குகின்றன. பிராட்டருக்குள் நுழையக் கட்டணம் இல்லை, எவரும் செல்லலாம். ஆனால் ஒரு பூங்காவின் கதவைத் திறக்கும் ஆணையை விட, அதைத் திறந்தே வைத்திருக்கும் சட்டமும் சமூகமும் முக்கியமானவை என்பதையே இந்த இடத்தின் வரலாறு உணர்த்துகிறது.